குதிரை வாங்கப் போறீங்களா? முதல்ல பல்லைப் பிடிச்சுப் பாருங்க!

ராத்திரி பதினோரு மணி. தூக்கம் வராமல் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போகிறீர்கள். திடீரென்று ஒரு வீடியோ. தொப்பி போட்ட ஒரு பெண், புழுதி பறக்க ஒரு குதிரை, மைதானத்தில் மூன்று டிரம். ஒவ்வொரு டிரம்மையும் உரசாத குறையாகச் சுற்றிவிட்டு, வந்த வழியே அம்பு மாதிரி பாய்ந்து வெளியே போய்விடுகிறாள். மொத்தமே இருபது விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. நீங்கள் அதைப் பத்து தடவை பார்க்கிறீர்கள். பதினோராவது தடவை மனசுக்குள் ஒரு குரல்: "நம்மகிட்டயும் ஒரு குதிரை இருந்தா?"

விருத்தாசலத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படி யோசிக்கிறவரா நீங்கள்? யாரும் சிரிக்க வேண்டாம். ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம், கையில் கொஞ்சம் சேமிப்பு, சின்ன வயசிலிருந்தே குதிரை மேல் ஒரு பைத்தியம். ஆசை நியாயமானதுதான். ஆனால், பைக் வாங்குகிற மாதிரி போய் ஒரு குதிரையை வாங்கிவிட முடியாது. பைக்கில் கோளாறு என்றால் ஷெட்டில் நிறுத்திவிடலாம். குதிரையில் கோளாறு என்றால் பணம், உங்கள் கழுத்தெலும்பு, ஒரு உயிர் என மூன்றுக்கும் ஆபத்து.

நம்ம செராமிக் ஊரில் ஜாடி வாங்குகிறவர்கள் எப்படி வாங்குவார்கள்? விரலால் ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பார்கள். 'டிங்' என்று கேட்டால் நல்ல சரக்கு. 'டப்' என்று அடங்கினால் எங்கோ விரிசல். மேலே எவ்வளவு பளபளப்பு இருந்தாலும் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். குதிரையையும் அப்படிச் சுண்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எங்கே, எப்படிச் சுண்டுவது? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

அந்த மூன்று டிரம் விளையாட்டு என்ன?

அதன் பெயர் பேரல் ரேஸிங். அமெரிக்காவின் ரோடியோ திருவிழாக்களில் வளர்ந்த பந்தயம். பெரும்பாலும் பெண்களின் களம். 1948-ல் டெக்சாஸில் பெண்களே சேர்ந்து ஆரம்பித்த சங்கம்தான் இன்றைக்கு அங்கே இந்தப் பந்தயத்தின் விதிகளை வகுக்கிறது.

மூன்று டிரம்களை முக்கோணமாக வைப்பார்கள். வழக்கமான அளவில் முதல் இரண்டு டிரம்களுக்கு நடுவே 90 அடி. அந்த இரண்டிலிருந்தும் மூன்றாவதுக்கு 105 அடி. புறப்படும் கோட்டிலிருந்து முதல் இரண்டுக்கும் 60 அடி. மூன்றையும் சுற்றி, மேலிருந்து பார்த்தால் மூன்று இதழ் வரைந்த மாதிரி ஓடித் திரும்ப வேண்டும். ஒரு டிரம் சாய்ந்தால் 5 விநாடி தண்டனை. நூறில் ஒரு பங்கு விநாடியில் வெற்றி தோல்வி முடிவாகிற இடத்தில் 5 விநாடி என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நேராக ஓடுகிற வேகம் பாதி விளையாட்டுதான். மீதிப் பாதி, முழு வேகத்தில் வந்து பின்னங்காலில் எடையை உட்காரவைத்து, இறுக்கமாகத் திரும்பி, மறுபடி பாய்வது. அந்தத் திருப்பத்தில் மொத்த பாரமும் பின்னங்கால் மூட்டுகளிலும் முன்னங்கால் தசைநார்களிலும் இறங்குகிறது. அதனால் இந்த விளையாட்டுக்குக் குதிரை தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது கால். இரண்டாவது, அதன் குணம். வேகம் மூன்றாவதுதான்.

1,100 டாலர் குதிரை

ஸ்கேம்பர் என்று ஒரு குதிரை. முரட்டுக் குணம் என்று கைமாறிக் கைமாறி வந்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சார்மெய்ன் ஜேம்ஸ் என்ற பெண்ணுக்காக அவருடைய அப்பா அதை 1,100 டாலருக்கு வாங்கினார். 1984-ல், 14 வயதில், அந்தப் பெண் உலகச் சாம்பியன். 1993 வரை தொடர்ந்து 10 முறை பட்டம், எல்லாமே அதே குதிரையில். 1985 இறுதிப் போட்டியில் ஓடும்போது கடிவாள வார் கழன்று தொங்கிவிட்டது. பிடிக்க எதுவும் இல்லை. ஆனாலும் ஸ்கேம்பர் மூன்று டிரம்மையும் சரியாகச் சுற்றி, அந்தச் சுற்றை ஜெயித்தும் கொடுத்தது.

"அப்போ நானும் சீப்பா ஒரு முரட்டுக் குதிரை வாங்கிடலாமே?" என்று கேட்காதீர்கள். அந்தப் பெண் குதிரைகளோடேயே வளர்ந்தவர். பட்டம் வாங்குவதற்கு முன்பே தினசரி வேலைக்கு அந்தக் குதிரையை ஓட்டிப் பழகியவர். கதையில் நமக்கான பாடம் இதுதான்: விலை அதிகம் என்பதால் குதிரை நல்லதாகிவிடாது. உங்களுக்கும் அதற்கும் ஒத்துப்போவதுதான் முக்கியம். அது ஒத்துப்போக முதலில் உங்களுக்குச் சவாரி தெரிய வேண்டும்.

ஆகவே, இன்னும் சவாரியே கற்காதவர் என்றால் இங்கேயே ஒரு பிரேக். சென்னையிலோ புதுச்சேரிப் பக்கமோ கோவையிலோ ஒரு சவாரிப் பள்ளியில் சேர்ந்து, குறைந்தது ஆறு மாசம் விதவிதமான குதிரைகளில் ஏறி இறங்குங்கள். குதிரை வாங்கும் ஆசை அதற்குப் பிறகும் இருந்தால், அது நிஜமான ஆசை.

எங்கே தேடுவது?

*அந்தியூர்:* ஈரோடு மாவட்டம் அந்தியூர் பக்கம் புதுப்பாளையத்தில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழா. அதையொட்டிக் கூடும் குதிரைச் சந்தை தமிழ்நாட்டில் பிரசித்தம். திப்பு சுல்தான் காலத்திலிருந்தே நடக்கிறது என்பார்கள். நீண்டு போய் உள்பக்கம் வளைந்த காதுகளோடு மார்வாரி, கத்தியவார் ரகங்கள், வெள்ளை வெளேர் நுக்ரா, குட்டி மட்டக்குதிரைகள் எல்லாம் வரும். சில பத்தாயிரங்களில் தொடங்கிப் பல லட்சம் வரை விலை சொல்வார்கள். விருத்தாசலத்திலிருந்து சேலம், பவானி வழியாகப் போய்விடலாம்.

முதல் வருஷம் வெறும் கையோடு போங்கள். சும்மா பாருங்கள், பேசுங்கள், திரும்பி வாருங்கள். சந்தைக் கூட்டத்தில், மேளச் சத்தத்தில், தரகர் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் பரபரப்பில், புது ஆள் எடுக்கிற முடிவு பெரும்பாலும் நிறத்தைப் பார்த்து எடுக்கிற முடிவாகத்தான் இருக்கும். அங்கே ஆடிக் காட்டுகிற குதிரைக்குக் கூட்டம் கூடும். ஆட்டம் தெரிந்த குதிரை டிரம் சுற்றும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

*ஓய்வுபெற்ற ரேஸ் குதிரை:* தரோபிரெட் ரகம். பந்தயத்திலிருந்து விலக்கிய பிறகு மலிவாகக் கிடைக்கும். உயரம், வேகம், அழகு எல்லாம் இருக்கும். ஆனால், ஏன் விலக்கினார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். தசைநார் பழுதானதால் வெளியே வந்த குதிரையாக இருந்தால் டிரம் திருப்பங்கள் அதற்குச் சித்திரவதை. தவிர, பெரிய வளைவில் வேகம் குறையாமல் ஓடுவதற்கென்றே பழக்கப்பட்டது. நின்று நிதானமாகத் திரும்ப மறுபடி பாலபாடம் நடத்த வேண்டும். அது அனுபவசாலி செய்கிற வேலை.

*சவாரிப் பள்ளி, தனியார் லாயம்:* முதல் குதிரைக்கு இதுதான் பத்திரமான வழி. அந்தக் குதிரையில் பல பேர் ஏறியிருப்பார்கள். அதன் குணத்தை விசாரிக்க நாலு வாய் இருக்கும்.

அமெரிக்காவில் இந்தப் பந்தயத்துக்குப் பெரும்பாலும் குவார்ட்டர் ஹார்ஸ் என்ற ரகம். கால் மைல் தூரத்தில் மின்னல் வேகம் என்பதால் அந்தப் பெயர். நமக்கு அது குதிரைக்கொம்பு. வருத்தப்பட வேண்டாம். கச்சிதமான உடம்பும் நல்ல பின்னங்காலும் உள்ள கத்தியவார், மார்வாரி குதிரைகள் திரும்புவதில் கெட்டி. கொஞ்சம் சூடான ரத்தம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரைத் தேடுவது?

*வயசு:* 8 முதல் 14 வரை. மூன்று வயசுக் குட்டியைக் காட்டி "நீங்களே பழக்கிக்கலாம் தம்பி" என்பார்கள். குதிரைக்கும் புதுசு, உங்களுக்கும் புதுசு என்றால் இரண்டு பேரும் சேர்ந்து கற்றுக்கொள்வது கீழே விழுவதைத்தான். அந்த வயசில் எலும்பும் முழுசாக முற்றியிருக்காது. இறுக்கமான திருப்பங்களுக்கு அது தாங்காது.

*ஆணா, பெண்ணா:* காயடிக்காத ஆண் குதிரை நிமிர்ந்து நிற்கும் அழகே தனி. ஆனால், பக்கத்தில் பெண் குதிரை வந்தால் உங்கள் பேச்சு அதன் காதில் ஏறாது. முதல் குதிரைக்குக் காயடித்த ஆண் அல்லது சாதுவான பெண் குதிரை போதும்.

*எடை:* சவாரி செய்பவர், சேணம் இரண்டும் சேர்த்துக் குதிரையின் எடையில் 20 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுக் கணக்கு. 400 கிலோ குதிரை என்றால் 80 கிலோ. நீங்கள் 70 கிலோ, மேற்கத்தியச் சேணம் 15 கிலோ என்றால் இப்போதே எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

நேரில் போகும்போது

சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய் நில்லுங்கள். சேணம் கட்டி, நாலு ரவுண்டு ஓடவிட்டு, சூடாக்கி வைத்திருக்கும் குதிரை தன் வலியைக் காட்டாது. லாயத்தில் சும்மா நிற்கும்போதே பாருங்கள். தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நிற்கிறதா? கட்டையைக் கவ்விக் காற்றை விழுங்குகிறதா? ஒரு முன்னங்காலை மட்டும் எப்போதும் முன்னால் நீட்டி வைத்துக்கொள்கிறதா? எல்லாம் குறிப்புகள்.

*பல்:* "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்பார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள், தாராளமாகப் பாருங்கள். 5 வயசுக்குள் முன்பற்கள் எல்லாம் நிரந்தரப் பற்களாக மாறியிருக்கும். மேல்தாடையில் முன்பற்களின் கடைசிப் பல்லில் சுமார் 10 வயசில் ஈறுக்குக் கீழே ஒரு பள்ளக்கோடு தெரிய ஆரம்பிக்கும். 15 வயசில் பாதிப் பல் வரை, 20 வயசில் நுனி வரை இறங்கும். தோராயக் கணக்குதான். ஆனாலும் "ஏழு வயசுதான் சார்" என்று சொன்ன குதிரைக்குப் பாதிப் பல் வரை கோடு இருந்தால் உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

*கால்:* இரண்டு முன்னங்கால்களையும் மேலிருந்து கீழே உள்ளங்கையால் தடவுங்கள். ஒன்றில் மட்டும் சூடோ வீக்கமோ இருக்கிறதா? நாலு குளம்பையும் தூக்கிப் பாருங்கள். தூக்க விடுகிறதா என்பதே ஒரு பரீட்சை. வெடிப்பு, நாற்றம், லாட ஆணி அடித்த இடத்தில் உடைசல் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

*ஓட்டம்:* இதுதான் நம்ம ஊர் 'சுண்டிப் பார்க்கிற' பரீட்சை. கெட்டியான தரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, குதிரையை நேராகப் பெருநடையில் ஓட்டச் சொல்லுங்கள். கண்ணை மூடி முதலில் சத்தத்தைக் கேளுங்கள். டக்-டக், டக்-டக் என்று ஒரே தாளம் வர வேண்டும். தாளம் தவறினால் எங்கோ வலி. பிறகு தலையைப் பாருங்கள். முன்னங்காலில் வலி உள்ள குதிரை, அந்தக் கால் தரையைத் தொடும்போது தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தலையைத் தாழ்த்தும். அடுத்து இடது வட்டம், வலது வட்டம். டிரம் பந்தயத்தில் இரண்டு பக்கமும் திரும்பியாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மக்கர் செய்தால் கேள்வி கேளுங்கள்.

*சவாரி:* முதலில் விற்பவர் ஏறட்டும். அவரே ஏறத் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பிறகு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நீங்கள். அதற்கும் சவாரிக்கென்று செய்த ஹெல்மெட்டே வேண்டும், பைக் ஹெல்மெட் சரிவராது. ஒரு காலி டிரம்மைப் போட்டு நடையில் சுற்றுங்கள். மிரள்கிறதா, இல்லை முகர்ந்து பார்த்துவிட்டு சமாதானம் ஆகிறதா? கொஞ்சம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். சொன்ன இடத்தில் நிற்கிறதா? ஓடி முடித்துப் பத்து நிமிஷத்தில் மூச்சு சீராகி, தலையைத் தொங்கவிட்டு நிதானமாகிற குதிரைதான் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிற குதிரை.

பரி நரியாகும் ராத்திரி

திருவிளையாடல் கதை நினைவிருக்கிறதா? குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணிக்குச் செலவழித்துவிடுகிறார். சிவன் நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டி வருகிறார். பகலில் ராஜாவே மெச்சிய குதிரைகள், ராத்திரியில் மறுபடி நரிகளாகி, லாயத்தில் இருந்த நல்ல குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிப்போயின.

அது சாமி செய்த திருவிளையாடல். இன்றைக்கு அதே வேலையை ஓர் ஊசி செய்யும். வலி மறைக்கும் மருந்து போட்டால் நொண்டுகிற குதிரை ஒரு நாளைக்கு மேல்கூட நொண்டாமல் நடக்கும். மயக்க மருந்து கொஞ்சமாகப் போட்டால் முரட்டுக் குதிரை பசுமாடு மாதிரி நிற்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் கழித்துத்தான் நரி வெளியே வரும்.

தப்பிக்க மூன்று வழி. ஒன்று, சொல்லாமல் கொள்ளாமல் வேறொரு நாள் இன்னொரு முறை போய்ப் பாருங்கள். இரண்டு, கீழுதடு தொங்கி, கண் சொக்கி, ஆண் குதிரையாக இருந்தால் குறி தளர்ந்து தொங்கிக்கொண்டு நிற்கிறதா என்று கவனியுங்கள். மூன்று, பரிசோதனை நாளில் டாக்டரை வைத்து ரத்தம் எடுங்கள். "ரத்தம் எடுக்கலாமா?" என்று கேட்டதும் விற்பவரின் முகம் மாறுகிறதா என்று பாருங்கள். பாதி ரிப்போர்ட் அங்கேயே கிடைத்துவிடும்.

டாக்டர் இல்லாமல் கைநீட்டாதீர்கள்

அச்சாரம் கொடுப்பதற்கு முன் கால்நடை மருத்துவர் பார்த்தாக வேண்டும். அவரும் விற்பவரின் ஆளாக இருக்கக் கூடாது. நம்ம பக்கம் மாடு, ஆடு பார்த்துப் பழகியவர்கள்தான் அதிகம். குதிரை பார்த்துப் பழகியவரை விசாரித்துத் தேடுங்கள். சேலம் சாலையில் தலைவாசலிலும், புதுச்சேரி குரும்பாப்பேட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கிருந்து விசாரணையைத் தொடங்கலாம்.

கண், இதயம், நுரையீரல் பார்ப்பார். ஒவ்வொரு மூட்டையும் ஒரு நிமிஷம் மடக்கிப் பிடித்து, விட்டவுடன் ஓடவிடுவார். ஒளிந்திருக்கும் மூட்டுவலி அப்போது நொண்டலாக வெளியே வரும். தேவைப்பட்டால் எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்வார்.

ரத்தப் பரிசோதனையில் இரண்டு பெயர்களை மறக்காதீர்கள். முதலாவது கிளாண்டர்ஸ். பாக்டீரியா நோய். குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றும், உயிரையும் எடுக்கும். சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். உறுதியானால் அந்தக் குதிரையைக் கருணைக் கொலை செய்துவிடுவார்கள். ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இதற்கான பரிசோதனைகளைச் செய்கிறது. இரண்டாவது சர்ரா. கடிக்கும் ஈக்கள் பரப்பும் ரத்த ஒட்டுண்ணி நோய். காய்ச்சல் வந்து வந்து போகும், குதிரை உருகி எலும்பாகும். 'கொஞ்சம் மெலிஞ்சிருக்கு, தீனி போட்டா தேறிடும்' என்று விற்கப்படும் குதிரையில் இதைச் சந்தேகப்பட வேண்டும்.

சுழி பார்க்கலாமா?

"சுழி சுத்தம் சார்!" சந்தையில் இதைக் கேட்காமல் நீங்கள் தப்ப முடியாது. நெற்றியில், கழுத்தில், வயிற்றில் முடி சுழித்திருக்கும் இடத்தை வைத்து ராசி சொல்லி, விலையை ஏற்றுவார்கள், இறக்குவார்கள். சுழிக்கும் காலின் பலத்துக்கும் சம்பந்தம் இல்லை. ராசியான சுழிக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். நல்ல கால் உள்ள ஒரு குதிரையைச் சுழி சரியில்லை என்று மலிவாகக் கொடுத்தால், உங்களுக்கு அதிர்ஷ்டம்.

ஆனால், சுழிக்கு ஒரு நிஜமான உபயோகம் இருக்கிறது. ஒரு குதிரையின் சுழிகள் அமைந்திருப்பது போலவே இன்னொன்றுக்கு அமைவது அபூர்வம். நம் கைரேகை மாதிரி. உலகம் முழுக்கக் குதிரைகளின் அடையாள அட்டையில் சுழிகளை வரைந்துதான் வைப்பார்கள். பார்த்த குதிரையும் வீட்டுக்கு வந்த குதிரையும் ஒன்றுதானா என்று உறுதிசெய்ய, நாலு பக்கமும் போட்டோ, ஒவ்வொரு சுழிக்கும் ஒரு குளோஸ்-அப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு?

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு விஷயம் எழுதி வைத்திருக்கிறார். இங்கே ராஜாக்கள் அரபுப் பக்கமிருந்து கொள்ளை விலை கொடுத்துக் கப்பல் கப்பலாகக் குதிரை வாங்குகிறார்கள். ஆனால், பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப்போக, மறுபடி வாங்குகிறார்கள் என்று. லாடம் அடிக்கத் தெரிந்தவர் இல்லை, தீனியாகச் சோறும் இறைச்சியும் கொடுக்கிறார்கள் என்றும் சொல்கிறார். பணம் இருந்தது, குதிரையும் வந்தது, ஆனால் அதை வைத்துக் காப்பாற்றத் தெரியவில்லை. எழுநூறு வருஷம் கழித்தும் புதுசாக வாங்குகிறவர்கள் சறுக்குகிற இடம் இதுவேதான்.

மாதக் கணக்கைப் போடுங்கள். 400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 8 கிலோ காய்ந்த தீவனம். மாசத்துக்கு 240 கிலோ. தண்ணீர் தினம் 30, 40 லிட்டர், வெயிலில் இன்னும் அதிகம். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவி லாடம். வருஷா வருஷம் டெட்டனஸ் ஊசி, நாய்த் தொல்லை உள்ள ஊர் என்றால் வெறிநோய்த் தடுப்பூசியும். குடற்புழு மருந்து. பல்லை ராவி விடுவது. இதோடு, நீங்கள் ஊரில் இல்லாத நாளில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். உங்கள் ஊர் விலையில் இதையெல்லாம் கூட்டி, 12-ஆல் பெருக்குங்கள். குதிரை விலையைவிட அந்த எண்தான் முக்கியம்.

தீனியில் நம்ம ஊருக்கென்று சில எச்சரிக்கைகள்:

*வைக்கோல்* மாட்டுக்கு ஓகே, குதிரைக்கு அதுவே பிரதான தீனி ஆகக் கூடாது. சத்தும் இல்லை, குடலில் அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி வந்தால் சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம்.

*கடலைக்கொடி* விருத்தாசலத்தைச் சுற்றிக் கிடைக்கும் நல்ல தீவனம். ஆனால், நன்றாகக் காய்ந்ததாக, துளிகூடப் பூஞ்சை இல்லாததாக இருக்க வேண்டும்.

*நேப்பியர் புல், தவிடு* இரண்டை மட்டும் நம்பி வளர்த்தால் எலும்பில் சுண்ணாம்புச் சத்து குறையும். டாக்டரிடம் கேட்டுக் கால்சியம் சேர்க்க வேண்டும்.

*மாட்டுத் தீவன மூட்டையை* அவசரத்துக்குக்கூடக் கொட்டாதீர்கள். கால்நடைத் தீவனங்களில் கலக்கப்படும் மோனென்சின் போன்ற சில மருந்துகள் குதிரையின் இதயத்தைத் தாக்கும்.

*கொள்ளு* நல்லதுதான். ஊறவைத்து, அளவாக.

அடுத்து, தரை. நம்ம ஊர்க் களிமண் பொம்மைக்கும் அகல் விளக்குக்கும் பெருமை சேர்த்தது. டிரம் சுற்ற மட்டும் அது ஆகாது. மழை பெய்தால் வழுக்கும், மே மாசத்தில் கல்லாக இறுகும். இரண்டிலும் வேகமாகத் திரும்பினால் கால் போச்சு. அதற்காக ஆழமாக மணலைக் கொட்டினாலும் தசைநார் இழுத்துக்கொள்ளும். கெட்டியான அடித்தளத்துக்கு மேல் சில அங்குலம் மட்டும் இளகிய மண் இருக்கிற மாதிரி உழுது, சமன் செய்ய வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் விடியற்காலை மட்டுமே சவாரி.

காகிதம் பேசட்டும்

'வாய் வார்த்தை போதும் தம்பி' என்பதெல்லாம் வேலைக்கு ஆகாது. விற்பவர் பெயர், தேதி, விலை, குதிரையின் நிறம், வயசு, சுழி அடையாளங்கள், மைக்ரோசிப் இருந்தால் அதன் எண், இதுவரை வந்த நோய், காயம், செய்த ஆபரேஷன் எல்லாவற்றையும் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு வாங்குங்கள். ரத்தப் பரிசோதனையில் மருந்து தெரியவந்தால் பணம் திரும்ப வரும் என்று ஒரு வரி சேருங்கள். இரண்டு வாரம் வைத்துப் பார்த்து முடிவு செய்யலாமா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

லாரியில் ஏற்றுவதற்கு முன், பயணத்துக்கு உடல் தகுதி உண்டு என்று கால்நடை மருத்துவர் சான்று வேண்டும். 1978-ன் விலங்குகள் போக்குவரத்து விதிகள் அதைச் சொல்கின்றன. பின்னாளில் பொதுமக்கள் பார்க்கும் குதிரைப் போட்டிகளில் இறக்க நினைத்தால், 2001-ன் விதிகளின்படி விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். அவசரத்துக்குத் தமிழ்நாட்டின் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி

குதிரை 25 முதல் 30 வருஷம் வாழும். இன்றைக்கு உங்களுக்கு 23, குதிரைக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வேலை கிடைத்து சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போவீர்கள். கல்யாணம் ஆகும். வீட்டில் குழந்தை தவழும். அப்போதும் அது தினம் 8 கிலோ தீனி கேட்டுக்கொண்டு லாயத்தில் நிற்கும். ஒரு நாள் அதனால் டிரம் சுற்ற முடியாமல் போகும். அதற்குப் பிறகும் பல வருஷம் உயிரோடு இருக்கும். ஊட்டிச் சாலைகளில் யாருக்கும் சொந்தமில்லாமல் குப்பையை மேய்ந்துகொண்டு நிற்கும் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பலவற்றையும் யாரோ ஒருவர் ஒரு காலத்தில் ஆசையாகத்தான் வாங்கியிருப்பார்.

இந்தக் கேள்விக்கு வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசி, "பார்த்துக்கலாம்" என்று சொல்லாமல், யார், எப்படி, எந்தப் பணத்தில் என்று பதில் சொல்ல முடிகிறதா? அப்படியென்றால் நீங்கள் தயார். முடியவில்லையா? மாசத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை சவாரிப் பள்ளிக்குப் போங்கள். அங்கே கிடைக்கும் குதிரையும் நிஜக் குதிரைதான். அதுவும் உங்களைப் பார்த்ததும் காதை முன்னால் நீட்டும்.

முடிவு எதுவாக இருந்தாலும், முதல் செலவு இன்றைக்கே செய்துவிடலாம். நல்ல சவாரி ஹெல்மெட் ஒன்று. குதிரை வரும்வரை அது காத்திருக்கும், அதற்குத் தீனியும் வேண்டாம்.